காத்துப் படம்

லிவர் நிற்கவில்லை. நிற்க வேண்டும். முப்பத்தாறாவது படத்தை எடுத்துவிட்டுக் கட்டைவிரலால் தள்ளினால் பாதி வழியில் முரண்டு பிடித்து நிற்கும். அதற்குமேல் தள்ளக் கூடாது, பிலிம் தீர்ந்தது என்று அர்த்தம். அந்த முரண்டு கட்டைவிரலுக்குத் தெரியும். மூளைக்குத் தெரிவதற்கு முன்னாலேயே தெரியும். ஆவுடையப்பன் மொட்டை மாடியில் நின்று, தண்ணீர்த் தொட்டியையும் அதன்மேல் உட்கார்ந்திருந்த காக்கையையும் எடுத்தார். கடைசிப் படம், எதையாவது எடுத்துத் தொலைக்க வேண்டுமே என்று எடுத்தது. லிவரைத் தள்ளினார். போயிற்று. சரி, சில ரோலில் ஒன்று கூட வரும், கொசுறு. பக்கத்து வீட்டு முருங்கையை எடுத்தார். தள்ளினார். அதுவும் போயிற்று, எண்ணெய் விட்ட கதவு மாதிரி. எண் காட்டும் சின்ன வட்டத்தில் ஊசி முப்பத்தாறைத் தாண்டி எண்ணே இல்லாத இடத்தில் நின்றது. காக்கை இன்னும் தொட்டிமேல்தான் இருந்தது. போ, என்றார் அதைப் பார்த்து. அது போகவில்லை. பங்குனி வெயில் தளத்திலிருந்து செருப்பைத் தாண்டி ஏறியது. காமிரா கையில் சூடாக இருந்தது, காய்ச்சல் கண்ட குழந்தை மாதிரி. இன்னொரு முறை தள்ளிப் பார்க்கலாம். தள்ளவில்லை. தள்ளினால் போகும். போனால் அப்புறம் சந்தேகம் என்று ஒன்று மிச்சமிருக்காது. இப்போது சந்தேகம் இருக்கிறது. சந்தேகம் நல்லது. சந்தேகத்துக்குள் உலகம்மை இருக்கிறாள்.

ரெண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, ரோலின் கடைசியில் பிலிம் இழுபட்டு ஓரத்துத் துளைகள் கிழிந்திருக்கும். துளை கிழிந்தால் சக்கரத்தின் பல் பிடிக்காது, லிவர் சும்மா ஓடும். அப்படியானால் எடுத்த படமெல்லாம் பத்திரம். கிழிந்த துளைக்கு அவர் நூறு தேங்காய் உடைக்கத் தயார். இன்னொரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் நினைக்கவில்லை. முருங்கையைப் பார்த்தார். கம்பளிப்பூச்சி ஏறியிருக்கிறது, சொன்னால் கேட்கிறார்களா, எல்லாம் இந்தப் பக்கம் வந்து விழும். உலகம்மை இருந்தால் சுவருக்கு மேலாக ஒரு குரல் கொடுப்பாள், மறுநாள் கீரையும் வரும், பூச்சியும் போகும். அவருக்கு அது வராது. அவர் சொன்னால் சண்டை. இடது பக்கத்துத் திருகு. நினைக்கவில்லை என்றால் நினைக்கவில்லை, எதற்கு அதுவே வந்து நிற்கிறது. பிலிம் உள்ளே ஓடினால், லிவரைத் தள்ளும்போதெல்லாம் காமிராவின் இடது தோளில் இருக்கும் திருகு தானாகச் சுழலும். அது சுழன்றால் பிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால் உள்ளே பிலிம் சுருளில் மாட்டவே இல்லை, மாட்டினதாக நினைத்து மூடியாயிற்று, முப்பத்தாறு தடவை டிக் டிக்கென்று அடித்தது எல்லாம். நிறுத்து. மாடிப்படி இறங்கினார். கைப்பிடிச் சுவர் சுட்டது. ஒருநாளாவது அந்தத் திருகு சுழன்றதைப் பார்த்தேனா? பார்த்திருப்பேன். எப்போதும் பார்ப்பவன்தானே நான். பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்ப்பேன். ஆகவே பார்த்த ஞாபகம் இருக்காது. இருக்காததுதான் நியாயம். அந்த நியாயம் அவருக்கே பிடிக்கவில்லை.

கூடத்தில் உலகம்மையின் ஆதார் படம் இருந்தது. அட்டையில் இருந்த பொட்டுப் படத்தை யாரோ கடையில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, அவசரத்துக்கு, அந்த அவசரம் ஒரு வருஷமாகச் சுவரில் தொங்குகிறது. காது ரெண்டும் தெரிய, கண் விரிய, ஸ்டேஷனில் பிடித்து நிறுத்தி எடுத்தமாதிரி. அவள் இல்லை அது. அவள் அப்படி யாரையும் பார்த்ததே கிடையாது. நாளைக்கு வருஷ திதி. வடிவு காலை ரயிலில் சென்னையிலிருந்து வருகிறாள், மகள் என்றாலும் அம்மா மாதிரியே கேள்வி. "யப்பா, அம்மா படம் ரெடியா?" நேற்று போனில். "ஆயிரும்." "ஒரு வருஷமா ஆயிரும்னுதான் சொல்லுதீங்க. நாளைக்கும் அந்த ஆதாருக்கா மாலை போடணும்?" "அதான் ஆயிரும்னு சொன்னேம்லா." "அந்த ரோலை எடுத்து ஒரு கடையில குடுத்தா என்ன, பாதி இருந்தா இருந்துட்டுப் போகுது." பாதி ரோலை வெளியே எடுப்பதா. அவர் எடுத்ததே இல்லை. கடையில் கொடுத்ததும் இல்லை, தன் பிலிமைத் தானேதான் கழுவுவார், குளியலறையில், இருட்டில். வடிவிடம் சொன்ன காரணம் அது. சொல்லாத காரணம் வேறு. கழுவிவிட்டால் வந்துவிடுவாள். வந்துவிட்டால் அதற்குமேல் வருவதற்கு ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கிறவரை அவள் இன்னும் வர வேண்டியவள், எங்கேயோ போயிருக்கிறவள், பஸ் தாமதம். அதனால் ஒரு வருஷமாக ஒன்றும் எடுக்கவில்லை, அல்லது மாதத்துக்கு ஒன்று, கஞ்சன் மாதிரி. கடைசி ஒன்றை மட்டும் எத்தனையோ நாள் வைத்திருந்தார். இன்றைக்கு வேறு வழியில்லாமல் காக்கைக்குக் கொடுத்தார்.

மணிமுத்தாறு அணையில் எடுத்தது அவள் படம். தை மாதம். எபனேசரின் காரில் மூன்று பேரும் போனார்கள். எபனேசர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், முருகன்குறிச்சியில் வீடு. ஆவுடையப்பன் பொதுப்பணித் துறையில் வரைபடம் போட்டவர். வாலிபத்தில் ஒரே வாரத்தில் ஆளுக்கொரு காமிரா வாங்கியதில் தொடங்கிய சிநேகம், சிநேகத்தைவிடச் சண்டைதான் அதிகம். எபனேசர் டிஜிட்டலுக்குப் போன அன்று முதல் சண்டைக்குப் பஞ்சமே இல்லை. "வருது பாரும், பட்டுனு. இதுல என்ன குறை கண்டீரு?" "பட்டுனு வருதது தும்மல்வே. படம் இல்லை." "உமக்கு எல்லாம் லேட்டா வரணும். பென்ஷன் மட்டும் ஒண்ணாந் தேதி வரணும்." உலகம்மை இரண்டு பேருக்கும் காபி வைத்துவிட்டு நடுவில் நின்று கேட்பாள். அவளுக்கு எபனேசர் பக்கம்தான் சாய்வு. "அண்ணாச்சி படத்துலதான் நான் மனுஷி மாதிரி இருக்கேன். உங்க படத்துல எப்பமும் காய்ச்சக்காரி மாதிரி." அது காய்ச்சல் இல்லையடி, நிழல். கன்னத்துக்குக் கீழே ஒரு நிழல் இருக்கிறது உனக்கு, அதைக் கறுப்பு வெள்ளை பிலிம்தான் பிடிக்கும், மணல் மணலாக, தொட்டால் விரலில் ஒட்டுகிறமாதிரி. டிஜிட்டலில் மழித்துவிடும். இதை அவளிடம் சொன்னாரா? சொல்லவில்லை. "உனக்கு என்ன தெரியும்" என்று சொன்னார். எபனேசர் ஒரு தடவை சொன்னார், "உமக்குக் காபி கறுப்பா வேணும், எனக்குப் பால் ஊத்தி வேணும். நாக்கு அவனவன் நாக்கு. இதுல சாமி எது, சாத்தான் எதுவே?" நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால் கோபம் வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருக்கு நேராக முகம் கொடுத்ததில்லை, இருந்ததெல்லாம் அவளுக்குத் தெரியாமல் பக்கவாட்டில் எடுத்தவை. காமிராவைத் தூக்கினால் கை வந்துவிடும், அல்லது முந்தானை, அல்லது அடுப்பில் ஏதோ கரிகிறது. வெட்கம் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தார். வெட்கமில்லை. "நீங்க வெளிச்சம் அளந்து முடிக்கதுக்குள்ள மூஞ்சி மரத்துப் போகுது" என்றாள் ஒருநாள், கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவில். அப்படியும் அவர் அளப்பதைக் குறைக்கவில்லை. அணையில் அன்றைக்கு ரோல் தீர்ந்துபோயிற்று, தண்ணீரையே எடுத்துத் தீர்த்திருந்தார், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து புது ரோல் போட்டார். இங்கேதான். இந்த இடத்துக்கு வரக் கூடாது என்றுதான் வேறு என்னென்னவோ நினைத்தது. பெஞ்சு ஆடியது, ஒரு கால் குட்டை. பழைய ரோலை அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "டீ ஆறுது, எவ்வளவு நேரம்." பிலிமின் முனை, நாக்கு என்பார் அவர், அந்த நாக்கை வலப்பக்கச் சுருளின் பிளவில் செருகி ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துவிட்டதா என்று பார்த்துத்தான் மூட வேண்டும். செருகினார். "இந்தாங்க, ஈ விழுது." செருகினார், சுற்றினார். சுற்றினாரா? மூடினார். மூடின சத்தம் காதில் இருக்கிறது. அதற்கு முன்னால் விரலில் என்ன இருந்தது? டீ கிளாஸ் இருந்தது. டீ கிளாஸின் சூடுதான் விரலுக்கு ஞாபகம். அவள் நீட்டின கிளாஸை வாங்கினேன், ஒரு கையில் கிளாஸ், ஒரு கையால் மூடினேன். ஒரு கையால் மூடினால் பார்க்கவில்லை என்று அர்த்தமா? ஒரு கையாலும் பார்க்கலாம். கண்ணால்தானே பார்ப்பது. கண் எங்கே இருந்தது? ஈயைப் பார்த்ததோ.

அப்புறம் அவள் கம்பிக் கைப்பிடியில் சாய்ந்து நின்றாள், பின்னால் தண்ணீர், அதற்குப் பின்னால் மலை. காமிராவைத் தூக்கினார், வழக்கம் போல, வழக்கமாகக் கை வரும் என்று. கை வரவில்லை. "எடுத்துக்கோங்க" என்றாள். "ஏக்கமாப் பாத்துக்கிட்டே இருக்கீகள்லா." அவர் அளந்தார். மேகம் வந்து போயிற்று, மறுபடி அளந்தார். அவள் பொறுத்து நின்றாள். முகம் மரத்துப்போகவில்லை. நேராகப் பார்த்தாள், கொஞ்சம் கேலியாக, கொஞ்சம் வேறு என்னவோவாக. அந்த வேறு என்னவோதான் அந்த ரோலில் இருக்கிறது. எடுத்தார். "எங்க, காட்டுங்க" என்று ஓடி வந்தாள், பேத்தி எடுத்த வயதில், ஓடியேதான் வந்தாள். "காட்ட இது என்ன டிவியா? கழுவணும்." "எப்பம்?" "ரோல் முடியட்டும்." அவளுடைய முகம் ஒரு நொடி, ஒன்றுமில்லை, ஒரு நொடிதான், அப்புறம் "அண்ணாச்சி, நீங்க எடுத்ததைக் காட்டுங்க" என்று எபனேசரிடம் போய்விட்டாள். அவரும் பக்கத்திலிருந்து ஒன்று தட்டியிருக்கிறார். அவருடைய காமிராவின் பின்பக்கத்துச் சின்னத் திரையில் ரெண்டு தலையும் குனிந்தன. அவள் என்னவோ சொன்னாள். சிரித்தாள். எபனேசரும் சிரித்தார். காற்று மலைப்பக்கமாக அடித்தது, கேட்கவில்லை. என்ன சொன்னாள்? கேட்டிருக்கலாம். காரில் வரும்போது கேட்டிருக்கலாம், வீட்டில் கேட்டிருக்கலாம், மாசி முழுக்க இருந்தது. என்னைப் பற்றித்தான். சிடுமூஞ்சி என்றிருப்பாள். பங்குனியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒரு பை நிறையத் துணி எடுத்துப் போனாள், பை மட்டும் வந்தது.

பதினாறாம் நாள் எபனேசர் வந்தார், செய்தித்தாளில் சுற்றிய சட்டத்தோடு. கூடம் நிறைய ஆட்கள். ஆவுடையப்பன் தாளைப் பாதி பிரித்தார். ஒரு கன்னம். கலர். நிழல் இல்லை, மணல் இல்லை, வழவழவென்று, கடையில் கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மையின் கன்னம். என்னவோ பொங்கி வந்தது, அது அழுகையாக வந்திருக்க வேண்டியது, வேறு வழியில் வந்தது. "என்னவே இது, பிளாஸ்டிக். கொண்டு போரும்." "முழுசாப் பாருமே." "பாத்தாச்சு. எங்கிட்ட இருக்கு அவ படம். பிலிம்ல இருக்கு." எபனேசர் சட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தாளை மறுபடி மடித்துச் சுற்றினார், நிதானமாக, கணக்கு வாத்தியார் ஆயிற்றே, ஓரத்துக்கு ஓரம் சேர்த்து. போனவர்தான். இப்போது வ.உ.சி. மைதானத்தில் காலை நடையில் ஆவுடையப்பன் வலமாகச் சுற்றுகிறார், எபனேசர் இடமாகச் சுற்றுகிறார், ஒவ்வொரு சுற்றிலும் ரெண்டு தடவை எதிரெதிரே வருகிறார்கள், ரெண்டு தடவையும் தரையைப் பார்த்துக்கொள்கிறார்கள். திசையை மாற்றினால் ஒருவர் பின்னால் ஒருவர் போகலாம், பார்க்க வேண்டியதே இல்லை. ரெண்டு பேரும் மாற்றவில்லை.

காபி போட்டார். பால் திரிந்திருந்தது. கொட்டினார். கறுப்பாகக் குடித்தார், இதுதானே எனக்குப் பிடிக்கும், குடி. அசனம் ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா, அதுதானே வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் எபனேசரின் கோயிலில் அசனப் பண்டிகை, ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும், அண்டா அண்டாவாகச் சோறு, மலை மாதிரி கத்தரிக்காய், வெள்ளை அங்கியில் ஐயர், பாதிரியாரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நின்று ஜெபிக்கிறார். எபனேசர் ஏணி வைத்து ஏறியெல்லாம் எடுத்தார். அன்று சாயங்காலமே இந்தக் குளியலறையில் கழுவினார்கள். பிலிம் கண்ணாடி மாதிரி வந்தது. நாக்கு மட்டும் கறுப்பு, மிச்சம் முழுக்க வெறும் வெள்ளை, அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. சுருளில் மாட்டாமலே மூடியிருந்தார். "எபி, நீரு எடுத்தது அசனம் இல்லவே. காத்து." எபனேசருக்கு ஆவுடையப்பன் அன்று வைத்த பேர். "காத்து இருக்காரா?" என்றுதான் போனில் கேட்பார், எபனேசரின் மருமகள் எடுத்தாலும். எபனேசர் ஓய்வு பெற்ற விழாவில் மேடையில் ஏறிச் சொன்னார், ஐயரையும் சோத்துமலையையும் விட்டுவிட்டுக் காத்தைப் படம் பிடித்த மகான் என்று. எல்லாரும் சிரித்தார்கள். எபனேசரும் எப்போதும் சிரிப்பார். ஒரே ஒரு தடவை சிரிக்கவில்லை, அவருடைய தாயார் அந்த அசனத்தில்தான் கடைசியாக வெளியே வந்து உட்கார்ந்தது, "எங்கம்மா அதுல இருந்தாவே" என்றார் மெதுவாக. அப்போதும் ஆவுடையப்பன், அப்போதும் என்ன சொன்னார்? "காத்துல கலந்துட்டாங்க" என்றாரா? சொன்னார். வாய் அது. காபித் தம்ளரின் அடியில் மண்டி கசந்தது.

வெளிச்சத்தில் திறந்தால், பிலிம் இருந்தால் எரிந்துபோகும். இருட்டில் திறந்து தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்தை மாடியிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து அடுக்களைக்கும் எடுத்துக்கொண்டு அலைகிறார். நாளைக்கு வடிவு வருவாள். "படம்?" என்பாள். அதற்கு ஒரு பதில் வேண்டும். எழுந்தார். குளியலறைச் சன்னலுக்குக் கறுப்புத் துணி எப்போதும் ஆணியில் தொங்கும், விரித்தார். கதவிடுக்கில் துண்டைச் செருகினார். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். இருட்டு வந்தது, தெரிந்த இருட்டு, சோப்பும் ஈரமும் பழைய மருந்துத் தண்ணீரின் புளிப்பும் கலந்த இருட்டு. முன்னெல்லாம் அந்தப் பக்கம் அவள் நடமாட்டம் கேட்கும், பாத்திரம், செருப்பு, யாரோடோ பேச்சு. நேரம் ஆனால் கதவைத் தட்டுவாள். "உள்ள உயிரோட இருக்கீகளா?" "கதவைத் தொறக்காத!" "தொறக்கலை, உங்க இருட்டு யாருக்கு வேணும்." இன்றைக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தார். எதற்குப் போட்டார்? திறக்க யாரிருக்கிறார்கள். எழுந்து தாழ்ப்பாளை எடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அது ஏனென்று அவருக்குத் தெரியவில்லை.

இடது திருகை மேலே இழுத்தார். க்ளிக். பின்கதவு விரலுக்கு வந்தது. வலது கை ஆள்காட்டி விரல் உள்ளே போயிற்று, வலப்பக்கச் சுருளுக்கு. பிலிம் சுற்றியிருந்தால் அங்கே தடிப்பாக, வழவழப்பாக, சுற்றுமேல் சுற்றாக இருக்கும், கட்டைவிரல் பருமனுக்கு. விரல் ஒல்லியான ஒரு தண்டைத் தொட்டது. பிளவைத் தொட்டது. பிளவுக்குள் நகம் போயிற்று, ஒன்றும் தடுக்கவில்லை. சரி. இன்னொரு தடவை. மேலிருந்து கீழாக. தண்டு. பிளவு. இடப்பக்கம் போனார், பிலிம் டப்பா குண்டாக அப்படியே உட்கார்ந்திருந்தது, அதன் வாயிலிருந்து நாக்கு சுருண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, பழிப்புக் காட்டுகிற மாதிரி. பிலிம் நகரவே இல்லை. முப்பத்தாறும், கொசுறும், எல்லாம் அந்த நாக்கின் ஒரே அங்குலத்தின்மேல், அதுவும் டீக்கடை வெயிலில் அன்றைக்கே கறுத்துப்போன அங்குலத்தின்மேல், ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. அவள்மேல் தண்ணீர், தண்ணீர்மேல் ஏதோ ஒரு தெரு, அதன்மேல் ஆஸ்பத்திரி வேப்பமரம், காக்கை, முருங்கை. அவள் பொறுத்து நின்றாள். முகம் கொடுத்தாள். வாங்கிக்கொள்ள உள்ளே ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் அவள் வைத்திருந்து ஒருநாள் தந்தது, இவர் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு. இருட்டில் ஒரு சத்தம் கேட்டது. தன்னுடையதுதான். குழாய் சொட்டிற்று. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று தெரியாது. யாரும் கதவைத் தட்டவில்லை. தட்ட மாட்டார்கள். தானாகத்தான் வெளியே போக வேண்டும், இனிமேல் எல்லா இருட்டிலிருந்தும். கதவைத் திறந்தார், காமிராவின் பின்கதவு திறந்தே கிடந்தது, வெளிச்சம் எல்லாவற்றின்மேலும் விழுந்தது, விழட்டும், எரிக்க என்ன இருக்கிறது.

போனை எடுத்தார். எபனேசரின் எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை, விரலுக்குத் தெரியும். மணி அடித்தது. எடுக்க மாட்டார். எடுக்காமல் இருந்தால் நல்லது. எடுத்தார்.

"சொல்லும்."

ஒரு வருஷம் கழித்து ஒரு வார்த்தை. ஆவுடையப்பன் நிறைய யோசித்திருந்தார், திதி, வடிவு வருகிறாள், அன்றைக்குக் கூட்டத்தில் நான் பேசினது. வாயில் வந்தது வேறு.

"காத்து" என்றார்.

இப்போது சிரிப்பு வரும். வர வேண்டும். முப்பது வருஷ வட்டியோடு வந்தாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும், காதை இறுக்கிக்கொண்டு நின்றார்.

"மணிமுத்தாறா?" என்றார் எபனேசர்.

"ம்."

"முழுசுமா?"

"முழுசும்வே."

எங்கேயோ மின்விசிறி ஓடுவது கேட்டது, அவருடைய வீட்டிலா இவருடைய வீட்டிலா.

"அந்தப் பிளாஸ்டிக்..." என்றார் ஆவுடையப்பன்.

"இருக்கு. வாரேன்."

வாசலிலேயே நின்றார். எதிர்வீட்டு நாய் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. வர மாட்டார், வாரேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதும் ஒரு அடிதான், அதுவும் நியாயம்தான். சட்டம் கண்ணாடி உடைந்திருக்கும். பரணில் போட்டிருப்பார், கரையான். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டது, சைலன்சரை இன்னும் மாற்றவில்லை மனுஷன். எபனேசர் இளைத்திருந்தார். எதிரெதிரே தினமும் வந்தும் இது தெரியவில்லை, தரையைத்தானே பார்த்தது. கக்கத்தில் அதே செய்தித்தாள் சுற்றல், மஞ்சளாகிப் போயிருந்தது, மடிப்பு ஓரத்துக்கு ஓரம் அப்படியே. ஒரு செருப்பைக் கழற்றி, அடுத்ததைக் கழற்றுவதற்குள்ளே,

"காட்டும்" என்றார் ஆவுடையப்பன்.

எபனேசர் ஒற்றைக் காலில் நின்றபடி நிமிர்ந்து பார்த்தார். "யாரு, நீரா சொல்லுதீரு?"

"காட்டும்வே."

"ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிடட்டுமா? முப்பது வருஷமா வச்சிருக்கேன்."

"சொல்லித் தொலையும்."

"அசனத்துல எனக்குச் சோறாவது கெடச்சுது."

மூக்கு வழியாக என்னவோ வெடித்து வந்தது ஆவுடையப்பனுக்கு, சிரிப்புத்தான், சிரிப்பாகத்தான் தொடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். எபனேசர் அவரைப் பார்க்காமல் கூடத்துக்குப் போய், நாற்காலிமேல் சட்டத்தைச் சாய்த்து, தாளைப் பிரித்தார்.

கன்னம். கலர். அதே வழவழப்பு. பிறகு கண். அன்றைக்குக் கண்வரைக்கும் பிரிக்கவில்லை. அவள் எபனேசரின் காமிராவைப் பார்க்கவில்லை. பார்வை கொஞ்சம் இடதுபுறமாக, படத்தின் ஓரத்துக்கு, கொஞ்சம் கேலியாக, கொஞ்சம் வேறு என்னவோவாக, பொறுத்து நிற்கிறாள். அந்த வேறு என்னவோ அப்படியே இருந்தது. இவர் அளந்துகொண்டு நின்றபோது பக்கத்திலிருந்து ஒருவன் அதை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறான், ஒரு வருஷமாக, முருகன்குறிச்சியில். இடது ஓரத்தில், அவள் பார்க்கிற பக்கத்தில், சட்டைத் துணி ஒரு முக்கோணமாக உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. கட்டம் போட்ட சட்டை.

"அந்த மூலையில என்னவே?"

"உம்ம முழங்கை. வெளிச்சம் அளக்கீரு."

"வெட்டியிருக்கணும். படத்தைக் கெடுக்கு."

"வெட்டத்தான் போனேன். தங்கச்சி அன்னைக்கே வேண்டாம்னுட்டா."

"எப்பம்?"

"அங்க வச்சுத்தான். காட்டுனேம்லா. ‘அவுக முழங்கை இருக்கு, வெட்டிராதீங்க அண்ணாச்சி’ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாளே. உமக்குக் கேக்கலையா?"

ஆவுடையப்பன் சுவரில் இருந்த ஆதார் படத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். அதே ஆணிதான். எபனேசர் தூக்கிக் கொடுக்க, வாங்கி மாட்டினார். ஆணி ரெண்டு தடவை தப்பிற்று. "கோணலா இருக்கு" என்றார் எபனேசர். வலப்பக்கம் கொஞ்சம் ஏற்றினார், மறுபடி இறக்கினார். கண்ணாடியில் தூசி. வேட்டி நுனியால் முதலில் அந்த மூலையைத் துடைத்தார், பிறகு அவளை.

"தோலு பிளாஸ்டிக்தான்வே" என்றார்.

"ஆமா" என்றார் எபனேசர்.